விளக்கு இறங்கிய ஆழம்

தேநீரின் மேலே ஆடை படிந்திருக்கிறதே என்று யோசிக்க வேண்டாம், உடையார். அது பாலாடை அல்ல, சுண்ணாம்பு. இந்த ஊரின் அடியில் கிடப்பது முழுவதும் சுண்ணாம்புக்கல். எந்தக் கிணற்றில் அள்ளிக் காய்ச்சினாலும் கேத்தலின் அடியில் வெள்ளை பிடிக்கும். இது கோயில் கிணற்றுத் தண்ணீர். தாராளமாகக் குடிக்கலாம். எங்கள் கிணற்றில் இப்போது ஒருவரும் அள்ளுவதில்லை.

நீங்கள் வாசித்துக் காட்டிய மரண விசாரணை அறிக்கை நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. நீங்கள் என்னிடம் படித்தவர் என்பதில் எனக்குத் திருப்தி. ஆனால் அதில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. வாழ்நாள் முழுவதும் இரசாயனம் படிப்பித்தவன் நான். பிழையைக் கண்டுவிட்டுப் பேசாமல் இருக்க எனக்குத் தெரியாது. "கிணற்றினுள் இயற்கையாக ஊறியிருந்த நச்சுக் காற்றினால்" இருவரும் இறந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது முதலாவது பிழை. அந்தக் காற்று இயற்கையாக ஊறவில்லை. நான் ஊற வைத்தேன். இரண்டாவது பிழையைக் கடைசியில் சொல்கிறேன். அதுதான் பெரியது.

எங்கள் பேரனார் பாறையை உடைப்பித்து எடுத்து, ஏற்ற மரமாகத் துலாவும் நட்ட கிணறு அது. நிலாவரைக் கிணற்றுக்கு அடி கண்டவர் இல்லை என்பார்கள். எங்களுடையது அப்படிப்பட்ட அதிசயக் கிணறு அல்ல. ஆனால் சுற்றுவட்டாரம் முழுவதும் உப்புச் சவராகிப் போகும் கோடையிலும் அதில் நல்ல தண்ணீர் இருக்கும். பனையோடு பாடுபடுகிற ஏரம்புவின் ஆட்கள் குடத்தோடு வந்து ஒதுங்கி நிற்பார்கள். எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் அள்ளி ஊற்றுவோம். ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை. என் மனைவி இரத்தினம்மா காய்ச்சலோடு எழும்பிப் போய் ஊற்றியிருக்கிறாள். கொடுப்பது எங்கள் தருமம், ஒதுங்கி நின்று வாங்குவது அவர்களுடைய முறை. சேறு எடுக்கும் நாளில் மட்டும் ஏரம்பு கிணற்றுக்குள் இறங்குவான். அதன் பிறகு மறுபடி இறைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுப் புழங்குவோம். எல்லாவற்றுக்கும் ஓர் ஒழுங்கு இருந்தது.

என் ஒரே மகன் தியாகலிங்கத்துக்கு அந்த ஒழுங்கு வேடிக்கையாகப் பட்டது. பள்ளிக்கூடங்களில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் என்று சண்டை நடந்த காலத்தில் அவன் மாணவன். அந்தக் காலத்துக் காற்று அவனைவிட்டுப் போகவில்லை. ஆசிரியப் பயிற்சி முடித்து ஊரிலேயே படிப்பிக்க வந்தான்.

சென்ற மாரி பொய்த்தது உங்களுக்குத் தெரியும். ஆனி மாதத்திலேயே ஏரம்புவின் பகுதியில் கிணறுகள் உப்பாகிவிட்டன. ஒரு காலை, ஊர் கோயிலுக்குப் போகிற வேளையில், தெருவுக்குக் கேட்கும்படியாகவே என் மகன் சொன்னான்:

"ஏரம்பண்ணை, ஏன் நிண்டு கால் உளையிறியள்? உந்தா கிடக்குது துலாக்கயிறு. பிடிச்சு அள்ளுங்கோ."

"வேண்டாம் தம்பி நயினார். பெரிய நயினார் விறாந்தையிலை நிக்கிறார்."

"நிக்கட்டும். உள்ளுக்கை இறங்கிச் சேறு அள்ளலாம், மேலை நிண்டு தண்ணி அள்ளக்கூடாதோ? உது எந்த ஊர்க் கணக்கு?"

"எங்கடை ஊர்க் கணக்குத்தான், வேறை எந்த ஊர்க் கணக்கு?" என்றான் ஏரம்பு. இருவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அவன் கயிற்றைப் பிடித்தான்.

நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் கை கயிற்றில் பட்டதையும் பார்த்தேன், என் மகன் வாயிலிருந்து வந்த 'அண்ணை' என்ற சொல்லையும் கேட்டேன். இரண்டில் எது அதிகம் சுட்டது என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அதன் பிறகு நடந்தவை சின்னச் சின்ன விஷயங்கள். கோயில் வீதியில் என் மைத்துனர் அருளம்பலம், பத்துப் பேர் கேட்க, "வாத்தியார், உங்கடை கிணத்திலை ஆர் ஆர் அள்ளலாம் எண்டு ஒரு பலகை எழுதித் தூக்கிவிடுங்கோவன், வழிப்போக்கருக்கு உதவியாயிருக்கும்" என்றார். எங்கள் வீட்டுத் திவசத்துக்கு வந்தவர்கள் வெற்றிலை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் எழும்பினார்கள். மகள் குணலட்சுமிக்குப் பருத்தித்துறையில் பேசி முடித்திருந்த சம்பந்தம் நின்றது. பெண்ணில் குறை இல்லையாம், அந்த வீட்டுத் தண்ணீரில் அவர்கள் கை நனைக்க முடியாதாம். குணலட்சுமி அழவில்லை. அடுப்படியைவிட்டு வெளியே வருவதை மட்டும் நிறுத்திக்கொண்டாள்.

மகனைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் அமைதியாகவே பதில் சொன்னான்: "ஐயா, அவையள் தண்ணிதான் கேக்கினம். உங்கடை பேரை ஒருத்தரும் அள்ளிக்கொண்டு போகேல்லை." அன்றிலிருந்து நாங்கள் இருவரும் கதைக்கவில்லை.

நான் கோபத்தில் செய்ததாக நீங்கள் எழுதிவிடக்கூடாது. நான் யோசித்துச் செய்தேன். இரண்டு பொருள்கள் சேர்ந்து ஒரு மாற்றம் நடக்கிறது என்றால், ஒன்றை அகற்றினால் போதும், மாற்றம் நிற்கும். ஒன்று என் மகன். எனவே மற்றதைத்தான் அகற்ற வேண்டும். ஏரம்பு அந்தக் கிணற்றிலேயே செத்தால், தொடக்கூடாததைத் தொட்டவனைக் கிணறு கொண்டுபோனது என்று ஊர் தானாகவே சொல்லும். அவனுடைய ஆட்கள் பயத்தில் விலகுவார்கள். நாங்கள் கிணற்றைத் தூர்த்துவிட்டு வேறொன்று தோண்டுவோம். புதுக் கிணறு, பழைய ஒழுங்கு. பருத்தித்துறைக்காரரும் திரும்பி வரக்கூடும்.

அமிலங்களைப் பற்றி உங்களுக்குப் படிப்பித்தது நினைவிருக்கிறதா? பலம் என்றால் கையைச் சுடுவது என்று எல்லாரும் நினைப்பார்கள். சுடுவதைப் பார்க்காதே, எது எதைக் குடியெழுப்புகிறது என்று பார் என்பேன் நான். சுண்ணாம்புக்கல்லுக்குள் கரியமிலம் குடியிருக்கிறது. அமிலங்களில் அது ஏழை. சமையலுக்கு ஊற்றும் வினாகிரிகூட அதைத் துரத்திவிடும். துரத்தப்பட்டதும் அது வாயுவாகக் கிளம்பும். கண்ணுக்குத் தெரியாது, நெடி இல்லை. காற்றைவிடப் பாரம். பள்ளம் கண்ட இடத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். அது கிடக்கும் இடத்தில் விளக்கு எரியாது. விளக்கு எரியாத இடத்தில் மனிதனும் இருக்க முடியாது.

எந்த அமிலம் எங்கள் கல்லில் நன்றாக வேலை செய்யும் என்று பார்க்க வேண்டியிருந்தது. கிணற்றுக் கட்டிலிருந்து கல் உடைத்து, ஒரே அளவுத் துண்டுகளாக்கி, விறாந்தை மேசையில் நாலு கண்ணாடிக் குவளைகளில் போட்டேன். வெடியுப்புத் திராவகம், கந்தகத் திராவகம், உப்புத் திராவகம், வினாகிரி. நாலையும் ஒரே செறிவுக்குத் தண்ணீர் சேர்த்து ஊற்றினேன். அப்போது தியாகலிங்கம் பாடசாலையால் வந்தான். படலையைத் திறந்தவன் மேசையைக் கண்டு நின்றுவிட்டான். பல கிழமைக்குப் பிறகு முதல் தடவையாகக் கதைத்தான்.

"என்ன ஐயா, பழையபடி வகுப்புத் தொடங்கியாச்சோ?"

"பலம் பாக்கிறன்."

அவன் சட்டையைக்கூட மாற்றாமல் வாங்கை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். சின்ன வயதில் அப்படித்தான் என் பக்கத்தில் உட்காருவான். கந்தகத் திராவகம் முதலில் பெரிதாகச் சீறிவிட்டுப் பிறகு ஓய்ந்தது. அவன்தான் அதைக் கண்டான்.

"இவர் நிண்டிட்டார் ஐயா. பாருங்கோ, கல்லைச் சுத்தி வெள்ளை படிஞ்சிட்டுது. தான் செய்த வேலை தன்னையே மூடிப்போட்டுது. பெரிய சண்டியர்தான், ஆனால் இந்தக் கல்லுக்குச் சரிவராது."

"அப்ப எது சரி?"

"உப்புத் திராவகம். உதுதான் கடைசிமட்டும் போகும், மிச்சமும் தண்ணியிலை கரைஞ்சிடும்." பிறகு வினாகிரிக் குவளையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். சிறு குமிழிகள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன. "இந்த அப்பாவிச் சோணகிரியைப் பாருங்கோ. அவசரமில்லை, சத்தமில்லை. விடியவும் செய்துகொண்டுதான் இருப்பார்."

இரத்தினம்மா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, நாங்கள் இருவரும் கதைப்பதைக் கண்டு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் மனம் இளகிவிட்டேன் என்று அவர்கள் இருவரும் நினைத்திருக்க வேண்டும். நானும் அன்று சந்தோஷமாகத்தான் இருந்தேன். அது பொய்யில்லை. உப்புத் திராவகத்தைப் பட்டினத்தில் வாங்கினேன், பித்தளை துலக்குவதற்கு என்று சொல்லி.

ஓர் ஆபத்து இருந்தது. கிணற்றில் ஒருவன் விழுந்தால் மற்றவன் காப்பாற்ற இறங்குவான். வாயுக் கிணறுகளில் ஒருவர் பின் ஒருவராகச் சாவது அதனால்தான். இதை நான் யோசிக்காமல் விடவில்லை. பல காலை விறாந்தையில் இருந்து கவனித்தேன். என் மகன் ஏரம்புவை 'அண்ணை' என்பான், கயிற்றைப் பிடிக்கவிடுவான், சிரிப்பான். ஆனால் ஒரு தடவைகூட அவனைத் தொட்டதில்லை. இருவருக்கும் நடுவில் எப்போதும் ஒரு கை நீளம் இடம் இருந்தது. கொள்கை வாயில் இருக்கலாம், உடம்பில் இருப்பது இரத்தம். எங்கள் இரத்தத்தில் வந்தவன் அவனை வாரி எடுக்கமாட்டான், கயிறு வீசுவான், ஆள் கூப்பிடுவான், அதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். கவனித்ததிலிருந்துதான் முடிவுக்கு வந்தேன். விஞ்ஞான முறை அதுதானே.

சமாதானத்துக்கு அறிகுறியாக, கிணற்றுக்குச் சேறு எடுப்போம் என்று நானே சொன்னேன். முதல் நாள் இறைத்து வற்ற வைத்தோம். மறுநாட் காலை இரத்தினம்மாவும் குணலட்சுமியும் கோயிலுக்குப் போனார்கள். தியாகலிங்கம் ஏரம்புவைக் கூட்டிவரப் போனான். அந்த இடைவெளியில் திராவகத்தைச் சட்டியில் வைத்துக் கயிற்றால் இறக்கி இறக்கிக் கவிழ்த்தேன். கீழே மழை பெய்கிற மாதிரி ஓர் இரைச்சல். கொஞ்சம் நெடி ஏறியது. கல் திராவகத்தைத் தின்று முடித்ததும் நெடியும் போய்விட்டது. காற்றில்லாத காலை. முருங்கை இலைகூட அசையவில்லை.

இருவரும் வந்தார்கள். சேறு இழுக்க வரவேண்டிய மற்றவர்கள் இன்னும் வந்திருக்கவில்லை. ஏரம்பு சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு கிணற்றை எட்டிப் பார்த்தான்.

"விளக்கு விட்டுப் பாத்தியளோ நயினார்?"

"இந்தா, பாப்பம்" என்று லாந்தரைக் கொளுத்திக் கயிற்றில் கட்டி நானே இறக்கினேன். கொஞ்சம் நேரம் வைத்திருந்துவிட்டு இழுத்தேன். எரிந்துகொண்டே வந்தது. கயிற்றை எவ்வளவு தூரம் விட்டேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. பாதிக் கிணற்றுக்குக் கீழே விடவில்லை.

"ஐயா பாத்தால் சரி" என்றான் என் மகன். "இறங்குங்கோ ஏரம்பண்ணை. உள்ளை ஏதும் தங்கம் கிடந்தால் பாதி எனக்கு."

"கிடந்தால் தம்பிக்கு முழுக்கத் தாறன், தேடி எடுக்கிற கூலியை மட்டும் தாரும்" என்றபடி அவன் கிணற்றுக் கட்டின் கல்லில் கால் வைத்து இறங்கினான்.

அவன் கத்தவில்லை. அடியில் கால் வைத்துக் குனிந்தான், இரண்டு தடவை மூச்சு வாங்கினான், களைத்தவன் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தான், பிறகு சரிந்தான். தியாகலிங்கம் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அவனும் இறங்கக் கிணற்றுக் கட்டின் கல்லில் கால் வைத்தபோது நான் சொன்னேன்:

"தம்பி, இறங்காதை. அது கரியமிலம்."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு நிலத்தில் கிடந்த லாந்தரைப் பார்த்தான். அது இன்னும் எரிந்துகொண்டிருந்தது. 

"அப்ப விளக்கு?" என்றான்.

அவ்வளவுதான் அவன் கேட்டது. அவன் பதிலுக்கு நிற்கவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, துலாக்கயிற்றின் நுனியோடு இறங்கினான்.

இறங்கினவன் அவனை வாரி எடுத்தான். சேறு பூசிய அந்த உடம்பை நெஞ்சோடு சேர்த்து அணைத்து, இருவரையும் சுற்றிக் கயிற்றைப் போட்டான். முகத்தை மேலே நிமிர்த்தி, "இழுங்கோ ஐயா" என்றான்.

நான் துலாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "அவனை விட்டிட்டு வா, இழுக்கிறன்" என்றேன். நல்ல தெளிவாகச் சொன்னேன். கேட்காமல் போயிருக்க முடியாது. அவன் கையை எடுக்கவில்லை. மறுபடியும் சொன்னேன். அவன் ஏரம்புவின் தலையைத் தன் தோளில் சாய்த்து வைத்தான். மூன்றாம் தடவை நான் சொன்னபோது அவனுடைய முகம் நிமிர்ந்துதான் இருந்தது, ஆனால் அவன் என்னைப் பார்க்கவில்லை.

துலா இரண்டு பேரின் பாரத்தையும் தூக்கியிருக்காதா என்று நீங்கள் கேட்கப்போகிறீர்கள். தூக்கியிருக்கும். நான் கிழவன் என்றாலும் துலாவில் தொங்கத் தெரியும். அவன் கையை எடுத்திருந்தால் அந்த நிமிஷமே இழுத்திருப்பேன். பிழைப்பதற்கு அவனுக்கு வழி இருந்தது. அவன் அதை எடுக்கவில்லை. அதை நான் என்ன செய்ய?

பிறகு ஊர் வந்தது. வேப்பங்கொப்புகளைக் கயிற்றில் கட்டி இறக்கி ஏற்றிக் காற்றைக் கலக்கினார்கள். பாதாளக் கரண்டி போட்டு இழுத்தார்கள். இருவரும் ஒன்றாகத்தான் வந்தார்கள். கைகளைப் பிரிக்க முடியவில்லை. ஏரம்புவின் பெண்சாதி நல்லம்மாதான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். என் மகனுடைய விரல்களை. ஊர் முழுவதும் பார்த்துக்கொண்டு நின்றது. அருளம்பலம் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு படலையால் வெளியே போனார். செத்த வீட்டுக்கு அவர் வரவில்லை. அனேகமாக எங்கள் ஆட்கள் ஒருவருமே வரவில்லை. கட்டையில் தீ வைத்தபோது என் பின்னால் நின்றவர்கள் யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஏரம்புவின் ஆட்கள் என்று அவர்கள் பறையடித்து அழுத சத்தத்தில் தெரிந்தது.

பருத்தித்துறையிலிருந்து இனி ஒருவரும் வரமாட்டார்கள். குணலட்சுமி அடுப்படியிலேயே இருக்கிறாள். இரத்தினம்மா என்னோடு கதைப்பதில்லை. காலையில் குடத்தை எடுத்துக்கொண்டு அவர்களுடைய பகுதிக்குப் போகிறாள். அந்தச் சவர்த் தண்ணீரைத்தான் குடிக்கிறாள். அங்கே ஒதுங்கி நிற்கிறாளாம், நல்லம்மா அள்ளி ஊற்றுகிறாளாம். புத்தி பேதலித்துவிட்டது என்று நான் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்.

இந்தக் குடாநாட்டின் அடியெல்லாம் குடைந்து வைத்திருப்பது அந்த ஏழை அமிலம்தான் என்று வகுப்பில் சொல்வேன். மழையோடு இறங்கி, ஆண்டாண்டாக, ஒருவருக்கும் தெரியாமல். மாணவர்கள் நம்பமாட்டார்கள்.

இனி உங்கள் அறிக்கைக்கு வருவோம். நீங்கள் எழுதாமல் விட்டதை எல்லாம் நான் சொல்லிவிட்டேன். கொலை என்று எழுதுங்கள். கையொப்பம் வைக்கிறேன். தூக்கு என்றால் அதற்கும் ஆட்சேபனை இல்லை, இந்த வீட்டில் இனி நான் காவல் காக்க ஒன்றும் மிச்சமில்லை, ஒன்றைத் தவிர. அதற்காகத்தான் உங்களை உட்கார வைத்து இவ்வளவும் கதைத்தேன்.

"தன்னுயிரைப் பாராமல் கூலியாளைத் தழுவிக் காப்பாற்ற முயன்று உயிர்நீத்த உத்தமன்" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று எண்ணி எழுதினீர்கள், தெரியும். அவனுடைய மாணவர்கள் அதைப் பத்திரிகைக்கு அனுப்பப்போகிறார்களாம், கல்லில் வெட்டி வைக்கப்போகிறார்களாம். வெட்டினால் அது நிலைத்து நிற்கும். இன்னும் நூறு வருஷம் கழித்தும், பொன்னம்பலம் வாத்தியாரின் மகன் யாரைக் கட்டிக்கொண்டு செத்தான் என்று வாசிப்பார்கள்.

அதுதான் இரண்டாவது பிழை. மூச்சு முட்டியவன் கையில் அகப்பட்டதைப் பிடிப்பான். ஏரம்புதான் பிடித்தான். என் பிள்ளை விடுவித்துக்கொண்டு என்னிடம் வரத்தான் பார்த்தான். அவனுடைய முகம் மேலே என்னை நோக்கித்தான் இருந்தது. அங்கே நின்றவன் நான் ஒருவன்தான், எனக்குத்தான் தெரியும். என்னை எடுத்துக்கொள்ளுங்கள், அந்த ஒரு வரியை மாற்றித் தாருங்கள்.

பேனாவை எடுங்கள், உடையார். நான் சொல்கிறபடி எழுதுங்கள்: என் மகன் அவனைத் தொடவில்லை.